வேலூர் வெயிலுக்கு எந்தச் சாலட்? எங்கள் வீட்டுக் கணக்கு

எங்கள் வீட்டு மதியத் தட்டை மேலிருந்து பார்த்தால் வெள்ளைச் சோறு, பழுப்புக் குழம்பு, அதைவிட ஒரு சாயல் வெளுத்த பொரியல். ஓரத்தில் நாலு வெள்ளரி வில்லை, மொட்டை மாடியில் காயப்போட்ட வடாம் மாதிரி விளிம்பு சுருண்டு கிடக்கும். அதற்குத்தான் சாலட் என்று பெயர் வைத்திருந்தோம். யாரும் அதைத் தொடுவதில்லை. தட்டு கழுவும்போது நான்தான் ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன்.

போன வருடம் என் கணவருக்குச் சர்க்கரை பார்டரில் இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. "தட்டில் பாதி காய்கறியா இருக்கணும்" என்று டாக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் காயும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் சாப்பிடச் சொல்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தராசை எடுத்து வைத்து நிறுத்துப் பார்த்தேன். நாங்கள் ஐந்து பேர், அப்படியென்றால் 2 கிலோ. சாம்பாரில் போட்டது, பொரியல், பசங்க தின்ற வாழைப்பழம் எல்லாம் சேர்த்தும் ஒரு கிலோவைத் தாண்டவில்லை. மிச்சத்தைப் பொரியலாகவே செய்தால் எண்ணெயும் கேஸும் ஏறும், சலிப்பும் வரும். பச்சைக் காயாக உள்ளே போக வேண்டும், அதுவும் தினமும், அதுவும் பார்த்தால் கை தானாகப் போகிற மாதிரி.

எந்த வகையை அன்றாடத்துக்கு வைத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் வீட்டின் நிபந்தனைகள் கொஞ்சம் கடுமையானவை. பத்தாவது படிக்கும் மகளின் டப்பா காலை 7.30க்கு மூடப்பட்டு 12.40க்குத் திறக்கும். அத்தைக்குக் கடைவாய்ப் பல் இரண்டு பக்கமும் இல்லை. ஐந்தாவது படிக்கும் மகன் பச்சையாக எதைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்புவான். இதெல்லாம் போக, ஊர் வேலூர். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது சோதனையை ஆரம்பித்தேன். கத்திரி முடிந்துவிட்டதாகக் காலண்டர் சொன்னது. எங்கள் ஊர் வெயில் காலண்டர் பார்ப்பதில்லை.

ஐந்து வகை, வகைக்கு ஒரு வாரம்.

முதலில் தோற்றதைச் சொல்லிவிடுகிறேன்

இலைச் சாலட் மகளின் ஆசை. போனில் பார்த்தது: லெட்டூஸ் இலை, செர்ரித் தக்காளி, மஞ்சள் குடைமிளகாய், மேலே மயோனைஸ். படத்தில் பார்க்கக் கண்ணைப் பறித்தது உண்மை. குளிர்ப்பிரதேசத்து இலை எங்கள் ஊருக்கு வந்து சேரும்போதே பாதி உயிர்தான். கடையில் ஏசி இருக்கிறது, வண்டியில் இல்லை. அங்கிருந்து வீடு வரும் கால் மணி நேரத்தில் மிச்சமும் துவண்டுவிடும். ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டால் எழுந்து நிற்கும், டப்பாவில் மறுபடியும் படுத்துவிடும். முதல் நாள் அத்தை தட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னாம்மா இது, ஆட்டுக்குப் போடற தழை மாதிரி கீது." அதற்குப் பிறகு யார் சாப்பிடுவார்கள்?

செலவும் கட்டுப்படியாகவில்லை. ஒரு சின்ன லெட்டூஸ் பாக்கெட்டின் விலைக்கு உழவர் சந்தையில் ஒரு பை நிறைய வெள்ளரியும் முள்ளங்கியும் கொத்தமல்லியும் வாங்கிவிடலாம். மயோனைஸ் விஷயத்தில் எனக்கு முதலிலிருந்தே ஒப்புதல் இல்லை. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது நினைவிருக்கும். பச்சை முட்டையில் கிருமி சேரும் ஆபத்துதான் காரணம். முட்டை சேர்க்காததும் பெரும்பாலும் எண்ணெய்தான். சர்க்கரைக்குப் பயந்து சாலட் பக்கம் வந்துவிட்டு அதன் தலையில் எண்ணெயை ஊற்றுவானேன்?

ஆனாலும் இந்த வாரத்தில் இரண்டு விஷயம் கற்றுக்கொண்டேன். ஒன்று, டப்பாவை அடுக்கும் முறை. ஈரமானது அடியில், கெட்டியான காய் அதன்மேல், இலை தழை எல்லாவற்றுக்கும் மேலே. சாப்பிடும்போது குலுக்கிக்கொண்டால் போதும். இந்த வரிசையைப் பிற்பாடு எல்லா வகைக்கும் வைத்துக்கொண்டேன். இரண்டாவது, பையனுக்கு வேண்டியது மயோனைஸ் என்கிற பெயர் இல்லை, அந்த வழவழப்பு. அரை கப் தயிரைத் துணியில் வடிகட்டி, வறுத்துப் பொடித்த மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்) இரண்டு ஸ்பூன், தட்டின பூண்டு ஒரு பல், மிளகுத்தூள், உப்பு போட்டு அடித்துக் கொடுத்தேன். கேரட் குச்சியை அதில் தொட்டுத் தொட்டுத் தின்றான். கீழே இருந்த கிண்ணம் வழித்து நக்கப்பட்டிருந்தது.

லெட்டூஸுக்குப் பதில் மொறுமொறுப்பு வேண்டுமென்றால் முட்டைக்கோஸ் போதும். அரிவாள்மனையில் நூல் மாதிரி அரிந்து, ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கையால் பிசறி ஐந்து நிமிடம் வைத்தால் பச்சை வாடை போய்விடும். உப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் இதழ்களைப் பிரித்துக் கழுவியபின் அரிவது நல்லது. பூச்சி ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது.

கச்சம்பர்: வேகத்தில் முதல், பொறுமையில் கடைசி

வெங்காயம், தக்காளி, வெள்ளரி, பச்சை மிளகாய், எலுமிச்சை. ஐந்து நிமிட வேலை. மேல்விஷாரத்திலோ ஆம்பூரிலோ கல்யாண பிரியாணி சாப்பிட்டவர்களுக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. கொழுப்பும் மசாலாவும் நாக்கில் படிந்திருக்கும்போது இது ஒரு வாய் போனால் அடுத்த கவளத்துக்கு வழி திறக்கும்.

வீட்டில் இதன் தொல்லை தண்ணீர். வெள்ளரியில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர்தான். உப்பு பட்டதும் அது வெளியே வர ஆரம்பிக்கும். பாதி வெள்ளரிக்காயை நறுக்கி உப்பு போட்டு அரை மணி நேரம் விட்டுப் பார்த்தேன், கிண்ணத்தின் அடியில் குளம் கட்டியிருந்தது. தக்காளியின் நடுச் சதையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மகள் டப்பாவைத் திறந்தபோது ரசத்தில் காய் மிதந்ததாம். உப்பும் புளிப்பும் தண்ணீரோடு கீழே இறங்கிவிட, மேலே இருப்பது சப்பென்று கிடக்கும். நிறமும் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வெள்ளரியை நீளவாட்டில் பிளந்து ஸ்பூனால் விதையை வழித்துவிட வேண்டும். தக்காளியிலும் நடுச் சதையை ரசத்துக்கு ஒதுக்கிவிட்டு ஓட்டுச் சதையை மட்டும் நறுக்க வேண்டும். வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் ஊறவைத்தால் காரம் இறங்கும், கூடவே பளிச்சென்று ரோஜா நிறமும் வரும். சிவப்பு வெங்காயத்தின் சாயம் புளிப்பு பட்டால் அப்படித்தான் மலரும். ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லாமல் தட்டில் ஏறும் நிறம் இது. ஓட்டலில் பார்த்திருப்பீர்கள், நாம் ஏதோ கலர் பொடி என்று நினைத்திருப்போம்.

இத்தனையும் செய்தால் ஐந்து நிமிடம் பதினைந்தாகிவிடுகிறது. இலையில் பரிமாறிய கையோடு சாப்பிடுவதற்கு இதற்கு நிகரில்லை. டப்பாவுக்கு ஆகாது. அத்தைக்கும் பச்சை வெங்காயமும் வெள்ளரியும் மெல்ல வராது. தோலைச் சீவித் துருவினால்தான் சாப்பிடுவார், துருவினால் இன்னும் தண்ணீர்!

தயிர்ப் பச்சடி: நிறத்துக்கு இதுதான் நல்ல சுவர்

வெள்ளைச் சுவரில் எந்த நிறமும் எடுப்பாகத் தெரியும். தயிருக்கு அந்த யோகம் உண்டு. பீட்ரூட்டைத் துருவி ஆவியில் ஐந்து நிமிடம் வைத்து, ஆறியபின் தயிரில் போட்டால் முதலில் சிவப்பு இழைகள் தெரியும். பத்து நிமிடத்தில் கிண்ணம் முழுக்க ஊதாச் சிவப்பாகிவிடும். இதைப் பார்த்த பையன் "ஐஸ்க்ரீமா?" என்று கேட்டான். நான் இல்லை என்று சொல்லவில்லை. (மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் பதற வேண்டாம். பீட்ரூட்டின் சாயம் சிலருக்கு அப்படியே வெளியேறும், தீங்கில்லை. அவனைத் தேற்ற எனக்கு அரை மணி நேரம் ஆனது.)

பாலக்கை எண்ணெயில்லாமல் ஒரு நிமிடம் வதக்கி மசித்துப் போட்டால் பச்சை. துருவின கேரட்டுக்கு ஆரஞ்சு. பழுத்த மாம்பழத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டால் மஞ்சள், மேலே கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்துக் கொட்டினால் இனிப்பும் காரமும் சேர்ந்து வேறொரு ருசி. வாழைத்தண்டு வெள்ளையாகவே இருக்கும். வில்லையாக நறுக்கும்போது நாரை விரலில் சுற்றி எடுத்து, கறுக்காமல் இருக்க மோரில் போட்டு வைத்து, பிறகு பொடியாக அரிந்து போட வேண்டும். அதன்மேல் நாலு மாதுளை முத்துத் தூவினால் வெள்ளையும் சிவப்புமாக அழகு. பச்சை, ஊதா, மஞ்சள் மூன்றையும் தனித்தனியாகச் செய்து ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி, ஸ்பூன் காம்பால் ஒரே ஒரு இழுப்பு இழுத்தால் கோலம் மாதிரி வரும். விருந்தாளி வரும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், தினமும் முடியாது.

நிறத்துக்குப் பெயரெடுக்காத ஒன்றையும் இங்கே சொல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். இலவம்பாடிப் பக்கத்து முள்ளு கத்தரிக்காய்க்கு 2023இல் வேலூர் பெயரிலேயே புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பில் முள் குத்தும், சதை வெண்ணெய். எண்ணெய் தடவி அடுப்பில் சுட்டு, தோலுரித்து மசித்து, தயிரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்தால் பச்சடி சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். கண் கேட்டே தீரும் என்றால் மேலே அந்த ரோஜா நிற வெங்காயத்தை ஒரு பிடி போடுங்கள்.

அத்தையின் ஓட்டு பச்சடிக்கே. மெல்ல வேண்டாம், வயிற்றுக்குக் குளிர்ச்சி. எனக்குச் சிக்கல் வேறு. காலை ஏழரைக்குப் போட்ட தயிர் வேலூர் வெயிலில் மதியத்துக்குள் புளித்துப் பல் கூசவைக்கிறது. பாதிப் பால் கலந்தால் ஓரளவு தாங்கும், அப்போது காயின் உப்பும் புளிப்பும் பட்டுப் பால் திரிந்ததுபோல ஆகிவிடுகிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு இது முதல் மார்க். வெளியே போகிறவர்களுக்கு இல்லை.

மல்லாட்டைச் சுண்டல்: நம்ம ஊர்ச் சரக்கு

வட ஆர்க்காடு மல்லாட்டைக்குப் பேர்போன மண். புரட்டாசி, ஐப்பசியில் பச்சைக் காயாக வந்து குவியும்போது உப்புப் போட்டு வேகவைத்து உரித்துத் தின்பது எங்களுக்குப் பிறவிப் பழக்கம். அந்த வெந்த பருப்போடு பொடியாக நறுக்கின கேரட், மாங்காய், வெங்காயம், கொத்தமல்லி சேர்த்தால் அதுவே சாலட். மற்ற மாதங்களில் காய்ந்த பருப்பை ராத்திரி ஊறவைத்துக் குக்கரில் வைக்கலாம். கறுப்புக் கொண்டைக்கடலை, சிவப்புக் காராமணி, பச்சைப் பயறு மூன்றையும் கலந்தால் ஒரு நிறப் பொடிகூட இல்லாமல் மூன்று நிறம்.

டப்பாவில் கெடாமல் நின்றது, தண்ணீர் விடவில்லை, பசி அடங்கியது. குறை என்னவென்றால் இது சாலட்டாக இல்லாமல் டிபனாகிவிடுகிறது. பருப்பு முக்கால், காய் கால். சோற்றோடு சாப்பிட வயிறு கனக்கும், அத்தைக்கு வாயு. காயின் எடையைக் கூட்டத்தான் இந்தப் பாடு என்பதால் சுண்டலைச் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தள்ளிவிட்டேன். பஜ்ஜிக்கு இருந்த இடம் அதற்குக் கிடைத்தது.

ஜவ்வாது மலைச் சாமையை வேகவைத்து உதிர்த்து, காய் கலந்து ஒருநாள் செய்து பார்த்தேன். நன்றாகவே இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அது உப்புமா என்று தீர்ப்பாகிவிட்டது, மேல்முறையீடு செய்யவில்லை.

கோசம்பரி

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் சலிப்பு. ஸ்ரீராம நவமிக்குப் பானகம், நீர்மோரோடு வடைப்பருப்பு என்று ஒரு கரண்டி வாங்கித் தின்றிருக்கிறோம். தெலுங்கும் கன்னடமும் உருதும் தமிழும் ஒரே தெருவில் புழங்கும் இந்தப் பக்கத்தில் கோசம்பரி, கோசுமல்லி, வடைப்பருப்பு என்று வீட்டுக்கு ஒரு பெயர். வருடத்துக்கு ஒருநாள் பண்டிகைப் பண்டம் தினசரிக்கு வருமா என்று சந்தேகமாகத்தான் தொடங்கினேன்.

அளவு சொல்கிறேன். ஐந்து பேருக்குப் பாசிப்பருப்பு அரை கப், அதாவது சுமார் 100 கிராம். அதில் 24 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கும். கழுவி ஊறவைக்க ஒரு மணி நேரம் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் மாடித் தொட்டித் தண்ணீர் கோடையில் வெந்நீர் மாதிரி வருவதால் குழாய்த் தண்ணீரில் அரை மணியே போதும். நகத்தால் கிள்ளினால் உடைய வேண்டும், நசுங்கக் கூடாது. இங்கேதான் சூட்சுமம். முக்கால் பதம் ஊறிய பருப்பை வடிகட்டியில் கொட்டி நன்றாக நீர் இறங்க விட்டுவிட வேண்டும். பருப்பு இன்னும் கொஞ்சம் தாகத்தோடு இருக்கும். பிறகு சேர்க்கும் வெள்ளரியும் கேரட்டும் விடுகிற ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். கச்சம்பரில் குளம் கட்டிய அதே தண்ணீர் இங்கே பருப்புக்குள் போய், அதோடு உப்பும் புளிப்பும் உள்ளே போகிறது. தேங்காய்த் துருவலும் மல்லாட்டைப் பொடியும் இதே வேலையைச் செய்யும்.

காய் அரைக் கிலோவாவது போடுகிறேன். பருப்பு துணைக்குத்தான், காய்தான் ஆள். விதை வழித்த வெள்ளரி இரண்டு, கேரட் இரண்டு, அன்றைய நிறத்துக்கு ஒரு காய், மாங்காய் கால் பாகம், தேங்காய்த் துருவல் இரண்டு ஸ்பூன், பச்சை மிளகாய் ஒன்று. எல்லாவற்றையும் ஊறிய பருப்பின் அளவுக்கே பொடியாக நறுக்கினால் ஒரு ஸ்பூனில் எல்லா நிறமும் ஏறும். பெரிதாக நறுக்கினால் பையன் கேரட்டை மட்டும் பொறுக்கி ஓரம் கட்டுவான். பொடியானால் பொறுக்க முடியாது, தோற்றுப்போய்த் தின்றுவிடுகிறான்.

கடலை எண்ணெய் ஒரு ஸ்பூனில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, ஆறவிட்டுக் கொட்ட வேண்டும். சூடாகக் கொட்டினால் காய் வெந்து துவண்டுவிடும். எண்ணெயே வேண்டாம் என்று கணவர் ஒருநாள் அடம்பிடித்தார். கேரட்டின் ஆரஞ்சுச் சத்து கொழுப்பில்தான் கரையும், கொஞ்சம் எண்ணெயோ தேங்காயோ இருந்தால்தான் உடம்பில் ஒட்டும் என்று சொல்லித்தான் சமாதானம் செய்தேன்.

டப்பாவுக்கு ஒரு சின்ன மாற்றம். எலுமிச்சை பிழியாமல் மாங்காயின் புளிப்பையே நம்புவது. சாறு ஊற்றாத புளிப்பு என்பதால் ஈரம் கூடுவதில்லை. உப்பும் டப்பா மூடும்போதுதான். 12.40க்குத் திறந்தபோது காலையில் கலந்த மாதிரியே இருந்ததாக மகள் சொன்னாள். தோழிகள் ஆளுக்கு ஒரு ஸ்பூன் எடுத்துக்கொண்டதில் தனக்குப் பாதிதான் கிடைத்தது என்று குறையும் சொன்னாள். அன்று இரவே என் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

அத்தைக்கு? அவர் பங்கை மட்டும் பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, காயைத் துருவி, மேலே இரண்டு கரண்டி தயிர் ஊற்றிவிடுகிறேன். கோசம்பரியும் ஆச்சு, பச்சடியும் ஆச்சு.

முளைகட்டிய பயறை வைத்தும் இதைச் செய்யலாம். பகலில் ஊறவைத்து ராத்திரி துணியில் கட்டினால் நம்ம ஊர்ச் சூட்டில் விடிவதற்குள் வால் விட்டுவிடும். அதற்குமேல் வைத்தால் வாடை வரும். முளை வருகிற அதே ஈரமும் சூடும் கிருமிக்கும் தோதானவை. அதனால் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் நன்றாக ஆவியில் வேகவைத்து ஆறவிட்டுக் கலப்பதே சரி.

நிறத்தை எங்கிருந்து எடுப்பது

நிறத்துக்காகக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கும் காயை வாங்க வேண்டியதில்லை என்பது என் முடிவு. நேதாஜி மார்க்கெட்டில் ஒரு சுற்று நடந்தாலே வானவில் கிடைத்துவிடும். அங்கே எனக்கு வாடிக்கையான அம்மா, "இன்னா கண்ணு, ஊதாக் கோசு வந்துகீது, எடுத்துனு போ" என்று குரல் கொடுப்பார். அந்த ஊதாக் கோஸ் ஒன்று வாங்கினால் எங்களுக்கு ஒரு வாரம் வரும். அதன் சாயத்துக்கு ஒரு வேடிக்கை உண்டு: புளிப்பு பட்டால் ரோஜா நிறம், சோடா உப்பு பட்டால் நீலம், இன்னும் சேர்த்தால் பச்சை. பையனை உட்காரவைத்து மூன்று கண்ணாடி டம்ளரில் செய்து காட்டினேன். எலுமிச்சைப் பக்கம் இருந்த கோஸை அவனே எடுத்துத் தின்றான். வேலிச் சங்குப்பூவின் நீலமும் இப்படித்தான், எலுமிச்சை பட்டால் ஊதாவாகும்.

எந்த நிறம் ஓடும், எந்த நிறம் நிற்கும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கேரட் ஓடாது, அதன் நிறம் தண்ணீரில் கரையாது. மாதுளை முத்து நசுங்காத வரை ஓடாது. பீட்ரூட் ஊரையே சிவப்பாக்கிவிடும், அதனால் அதைத் தனியாக ஒரு சொட்டு எண்ணெயில் பிசறி வைத்து, பரிமாறும்போது மேலே போட வேண்டும். கலந்தே அனுப்ப வேண்டிய நாளில் பீட்ரூட்டுக்கு விடுமுறை. பச்சை நேர்மாறு: ஓடாது, ஆனால் புளிப்பில் வெகுநேரம் கிடந்தால் காக்கியாக மங்கும். கொத்தமல்லியையும் புதினாவையும் கடைசியில் தூவச் சொல்வது அதனால்தான்.

மஞ்சளுக்குக் குடைமிளகாயை விடப் பழுக்கத் தொடங்கிய கிளிமூக்கு மாங்காய் மேல். 1911 வரை சித்தூர்தான் வட ஆர்க்காடு ஜில்லாவுக்குத் தலைநகர். ஆந்திராவுக்குப் போய்விட்டாலும் அந்தப் பக்கத்து மாங்காய் இன்னும் நம்ம மார்க்கெட்டை மறக்கவில்லை. காயாகவும் இல்லாமல் பழமாகவும் இல்லாமல் செங்காயாக இருப்பதை எடுத்தால் மஞ்சளும் கிடைக்கும், புளிப்பும் கிடைக்கும், மொறுமொறுப்பும் போகாது. செங்காய்ப் பப்பாளியும் அப்படியே. தைப் பொங்கலை ஒட்டி வரும் மாங்காய் இஞ்சி நிறத்தில் சோடை, ஆனால் ஒரு துண்டு துருவினால் கோசம்பரி முழுக்க மாங்காய் மணக்கும். உள்ளே சிவந்த கொய்யா, சிவப்புத் தோல் முள்ளங்கி, கிர்ணிப் பழம் இவையெல்லாம் கிடைக்கும்போது போடலாம். நுங்கைச் சாலட்டில் போடும் படங்களையும் பார்த்தேன். நுங்கை நுங்காகவே தின்பதுதான் மரியாதை.

வெட்டும் விதமும் நிறத்தைக் கூட்டும். தோல் சீவும் கருவியால் கேரட்டை நீளமாக நாடாவாக இழுத்தால் அதே கேரட் இரண்டு மடங்காகத் தெரியும். வெள்ளரித் தோலை முழுக்கச் சீவாமல் ஒரு வரி விட்டு ஒரு வரி சீவினால் பச்சைக் கோடு போட்ட வில்லை. இவ்வளவு போதும். பூ மாதிரி செதுக்குவதெல்லாம் கல்யாண மண்டபத்துக்காரர் வேலை.

இப்போது வீட்டு ஏற்பாடு

திங்கள் முதல் வெள்ளி வரை டப்பாவுக்கும் மதியத்துக்கும் கோசம்பரி. பருப்பும் தாளிப்பும் மாறாது, நிறக் காய் மட்டும் நாளுக்கு ஒன்று: கேரட்டோடு மாதுளை, ஊதாக் கோஸ், மாங்காய்ச் செங்காய், சிவப்பு முள்ளங்கி, வெள்ளிக்கிழமை ஃப்ரிட்ஜில் என்ன மிச்சமோ அது. சனிக்கிழமை எல்லோரும் வீட்டில் இருப்பதால் பீட்ரூட்டோ பாலக்கோ தயிர்ப் பச்சடி. ஞாயிறு பிரியாணி என்றால் கச்சம்பர், கூடவே கத்தரிக்காய். சாயங்காலப் பசிக்கு மல்லாட்டை. இலைச் சாலட் மார்கழி, தை குளிரில் மகள் பிறந்தநாளுக்கு ஒருமுறை, மயோனைஸ் இல்லாமல்.

வீட்டில் டப்பா கட்டுகிற ஆள் இல்லை, எல்லோரும் மதியம் வீட்டிலேயே சாப்பிடுகிறவர்கள் என்றால் என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. பச்சடியையே முதலில் வையுங்கள். பெரியவர்களுக்கு அது எளிது, நிறமும் அதில்தான் நன்றாக நிற்கும். தனியாகச் சமைத்துச் சாப்பிடும் பிள்ளைகளுக்குச் சுண்டல் வகை தோது. ஒருமுறை வேகவைத்ததை ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாள் காயை மாற்றி மாற்றிக் கலக்கலாம்.

தராசை மறுபடி எடுத்தேன். 2 கிலோ இன்னும் எட்டவில்லை, ஒன்றே முக்காலில் நிற்கிறது. கணவரின் அடுத்த ரிப்போர்ட் வர ஒரு மாதம் இருக்கிறது. அதற்கும் கோசம்பரிக்கும் முடிச்சுப் போட நான் தயாரில்லை, நடையும் மாத்திரையும் தனியாக நடக்கின்றன.

இப்போதைய கவலை மாங்காய். ஆடி கழிந்தால் மாங்காய் வரத்து குறைந்துவிடும், நெல்லிக்காய் நிறைய வர மார்கழி ஆகும். நடுவில் நாலு மாதம் எலுமிச்சைதான், அதைத் தனிச் சின்ன டப்பாவில் கொடுத்தனுப்ப வேண்டும். போன வருடம் அப்படி அனுப்பியதில் மூன்று மூடி திரும்பி வரவில்லை.